இரண்டு ஷாக், மூன்று துரோகம்

மோட்டார் சைக்கிள் என்ற சாமானை மனிதன் செய்ததே குதிரையை முந்தத்தான். அந்த வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, அதை ஒரு விளையாட்டாக்கி, கோப்பையும் வைத்து, அதற்காக ஆறு நாள் மழையில் நனைந்த பெருமை பிரிட்டன்காரர்களுடையது. விளையாட்டின் பெயர் டிரையல்ஸ். பொங்கல் விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்தவர்களுக்குப் பாதி விளக்கம் தேவையில்லை. மீதிப் பாதி இது: பள்ளிக்கூட மைதானத்துக்குப் பதில் பாசி பிடித்த பாறை, ஓடைப் படுகை, மரவேர் பின்னிய செங்குத்து மேடு. இந்தக் கொடியிலிருந்து அந்தக் கொடிவரை கால் தரையில் படாமல் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு மார்க், இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்குமேல் எத்தனை தடவை காலால் துழாவிக்கொண்டு போனாலும் மூன்று. நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. கடைசியில் யாருக்கு மார்க் குறைவோ அவர்தான் முதல். நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் விழக்கூடாத விதி.

இந்த விளையாட்டுக்குள் ‘ட்வின்ஷாக்’ என்று ஒரு தனி ஜாதி இருக்கிறது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர், காற்றால் குளிரும் எஞ்சின், டிரம் பிரேக். 1960களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம்வரை வந்த வண்டிகள். இவற்றைக் கோழிக் கொட்டகையிலிருந்து மீட்டு, பிரித்து, பூட்டி, ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கி, திங்கட்கிழமை மறுபடி பிரிக்கும் ஆசாமிகள் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் ஏராளம். பேச்சுக் கொடுத்தால் பத்தாவது நிமிஷத்தில் ‘பாரம்பரியம்’ வந்துவிடும். அந்தப் பாரம்பரியத்தில் உள்ள உருப்படி ஒவ்வொன்றும் வந்த புதிதில் ஊர்ப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்பதைத்தான் அவர்கள் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

முதலில் ஸ்தாபகர். யார்க்‌ஷயர் ஷிப்லியில் ஆல்பிரெட் ஆங்கஸ் ஸ்காட் என்றொரு முதலாளி இருந்தார். அவர் கம்பெனி வண்டிகள் 1912-லும் 1913-லும் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றவை. வேகத்தில் ஜெயித்து அலுத்துப்போனாரோ என்னவோ, 1914-இல் தன் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, ஆலை வாசலிலிருந்து குன்றும் ஓடையுமாகக் கிடக்கும் வழியில் பர்ன்சால் கிராமம்வரை வண்டியில் வரச் சொன்னார். 14 பேர் கிளம்பினார்கள், 9 பேர் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளி சந்தோஷமாக இதை வழக்கமாக்கிவிட்டார். ஸ்காட் டிரையல் இன்றும் நடக்கிறது. மனிதருக்கு ஈரத்தின்மேல் இருந்த பற்று அதோடு நிற்கவில்லை. குகைகளுக்குள் இறங்குவது அவருடைய இன்னொரு பொழுதுபோக்கு. அப்படி ஒருநாள் குகையிலிருந்து ஈர உடையோடு வீடு திரும்பி, நிமோனியா கண்டு 1923-இல் போய்ச் சேர்ந்தார். சளி பிடிப்பதையே லட்சியமாகக் கொண்ட ஒரு விளையாட்டுக்கு இவரைவிடப் பொருத்தமான ஸ்தாபகர் அமையமாட்டார். ஒரே சிக்கல், ஸ்காட் வண்டிகள் தண்ணீரால் குளிர்பவை, ரேடியேட்டர் வைத்தவை. இன்றைய ட்வின்ஷாக் விதிப்படி ஸ்தாபகரையே கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கும்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அதற்கும் முன்பே, 1909-இல், ஐந்து நாள் டிரையல் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஐந்து நாள் போதவில்லை என்று தோன்றி 1911-இல் ஆறு நாளாக்கினார்கள். ஏழாவது நாள் ஞாயிறு, கோயிலுக்குப் போகணும். இல்லையென்றால் அதையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி முதல் துரோகம்.

1940களில் டிரையல்ஸ் வண்டிக்குப் பின்பக்கம் ஸ்ப்ரிங் கிடையாது. பின்சக்கரத்தை ஃபிரேமோடு விறைப்பாகக் கோர்த்திருப்பார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு சுருள்கள்தான் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு ஒரே ஆறுதல். விறைத்த சக்கரம்தான் மண்ணைக் கவ்வும், ஸ்ப்ரிங் வைத்தால் துள்ளிப் பிடி விட்டுவிடும் என்பது அன்றைய வேதம். வேதம் சொன்னவர்கள் எல்லாரும் கோப்பை வாங்கியவர்கள், அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கப் டிரையலுக்கு ராயல் என்ஃபீல்டு கம்பெனி புது மாதிரி வண்டிகளோடு வந்து நின்றது. பின்சக்கரம் ஒரு ஸ்விங் ஆர்மில் மேலும் கீழும் அசைந்தது. இருபுறமும் ஷாக். 350 சிசி. பெயர் புல்லட்.

ஆமாம், அதே புல்லட்தான். திருவொற்றியூர் மண்ணில் முளைத்தது என்று நாம் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் புல்லட், சேற்றில் இறங்கிய நாளில் செய்த முதல் காரியம் பெரியவர்கள் வாயைப் பிளக்க வைத்தது. அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டன் அணியில் புல்லட்டுகள் இருந்தன. ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 1952-லும் 1957-லும் புல்லட்டிலேயே ஸ்காட்லாந்து ஆறு நாளை ஜெயித்தார். அந்த வருஷங்களில்தான் நம் ராணுவம் எல்லை ரோந்துக்குப் புல்லட் வாங்கியது. ராஜஸ்தான் மணலில் நம் ஜவான் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தபோது, கூடப்பிறந்த வண்டி ஸ்காட்லாந்துப் பாறையில் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு, பிறகு திருவொற்றியூர் ஆலை, மற்றதெல்லாம் நம் ஊர்க் கதை.

இதற்கு ஒரு கொசுறு உண்டு. ஜானி பிரிட்டன் நினைவாக 2019-இல் ‘புல்லட் டிரையல்ஸ்’ என்று ஒரு மாடலைக் கம்பெனி இந்தியாவில் விற்றது. தூக்கிய சைலன்சர், முள்ளு டயர், பின்சீட்டுக்குப் பதில் கேரியர். பார்க்க லட்சணம். எடை ஏறக்குறைய 190 கிலோ. பாறையில் ஏற்றினால் பாறைதான் காலை ஊன்றும். அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள்.

சரி. பத்து வருஷத்தில் எல்லா வண்டிக்கும் ஸ்ப்ரிங் வந்தது. வேதம் சொன்ன பெரியவர்கள், ஸ்ப்ரிங் இல்லாமல் எவனாவது ஓட்டுவானா என்று கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த துரோகிக்கு இடம் காலி.

அந்த இடத்தை நிரப்பியவர் சாமி மில்லர். 1933-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். இவரும் வேகப் பந்தயத்திலிருந்துதான் வந்தார். 1957-இல் ஐல் ஆஃப் மேன் 250 சிசி பந்தயத்தில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஒன்றான கவர்னர்ஸ் பிரிட்ஜில் விழுந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தொட்டு ஐந்தாவது வந்தார். வண்டியை நடை வேகத்தில் நகர்த்தும் கலையில் தனக்கு எதிர்காலம் இருப்பதை அன்றே கண்டுகொண்டார் என்பது என் கட்சி.

அவருடைய டிரையல்ஸ் வண்டி ஏரியல் எச்டி5. 500 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக். எடை குறைந்தால் மார்க் குறையும் என்று கண்ட மில்லர், கழற்ற முடிந்ததைக் கழற்றினார், கழற்ற முடியாததில் ஓட்டை போட்டார், ஓட்டை போட முடியாததை அலுமினியத்திலும் ஃபைபரிலும் புதிதாகச் செய்தார். கல்யாணச் சமையலுக்கு அண்டா தூக்கும் ஆள் பலம் வேண்டிய வண்டி, நூற்றுப் பத்து கிலோ சுமாருக்கு இறங்கியது. ஜிஓவி 132 என்ற அதன் நம்பர் அன்று பிரிட்டன் முழுக்கத் தெரியும். 1959 முதல் 1969 வரை தொடர்ந்து பதினோரு வருஷம் பிரிட்டன் சாம்பியன் அவர்தான். மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்காக உயிரை விட்டார்கள்.

இந்தப் புகழின் உச்சியில், 1964-இல், அவர் பார்சிலோனாவுக்கு விமானம் ஏறினார்.

அங்கே காத்திருந்தவர் ஃபிரான்சிஸ்கோ பல்ட்டோ. வீட்டில் கூப்பிடும் பெயர் பாக்கோ. முறுக்கிய மீசை, சொந்தப் பண்ணை, சொந்தமாகப் பிஸ்டன் ரிங் ஆலை. முன்பு பெரே பெர்மன்யேர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து மொன்டேசா என்ற கம்பெனியை நடத்தியவர். 1958-இல், காசு முடையாக இருக்கிறது, ரேஸை நிறுத்துவோம் என்றார் கூட்டாளி. கணக்குப் பார்த்தால் நியாயமான பேச்சு. ரேஸ் இல்லாத கம்பெனியில் எனக்கென்ன வேலை என்று பல்ட்டோ வெளியே வந்துவிட்டார். கம்பெனியின் ரேஸ் பட்டறைக்காரர்கள் அவரை விருந்துக்கு அழைத்து, நீங்களே ஒரு கம்பெனி தொடங்குங்கள், நாங்கள் வருகிறோம் என்றார்கள். ஒரு பண்ணை வீட்டில் பட்டறை போட்டார்கள். பல்ட்டோவையும் பாக்கோவையும் சேர்த்து பல்ட்டாக்கோ என்று பெயர் வைத்தார்கள். பந்தயத்தில் எல்லாம் நலம் என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிய டேவிட் விட்வொர்த் என்ற ஆங்கிலேய வீரரைப் பார்த்து, அந்த விரலையே டேங்கில் சின்னமாக ஒட்டினார்கள். கைபேசியில் இன்று ஊரே தட்டும் விரல், அப்போதே பெட்ரோல் டேங்கில் இருந்தது.

மில்லர் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தார். பண்ணையின் மேடு பள்ளத்தில் ஓட்டுவது, பட்டறைக்குக் கொண்டுவந்து ஃபிரேமை வெட்டி ஒட்டுவது, மறுபடி ஓட்டுவது. பன்னிரண்டாம் நாள் பிறந்தது ஷெர்பா டி. 244 சிசி, டூ-ஸ்ட்ரோக், தொண்ணூறு கிலோ சொச்சம். இரண்டு ஷெர்பாவைத் தராசில் வைத்தால் மேலே சொன்ன நினைவுச்சின்ன புல்லட் ஒன்றுக்குச் சரியாகப் போகும்.

பிரிட்டனில் இந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் ‘டொம் டொம்’ ஓசை அவர்களுக்குத் தேசிய கீதம். அதை விட்டுவிட்டு, சினிமாப் படம் காட்டும் மிஷின்போல் ‘டிங் டிங்’ என்று அடிக்கும் ஒரு ஸ்பெயின் சாமானில் தேசத்தின் சாம்பியன்! பப்பில் பேசியது என் கற்பனையில் இப்படி ஓடுகிறது: “பணத்துக்காகப் போயிட்டான்யா.” “ஒரு மழை தாங்குமா அது?” “ஸ்பெயின்ல மழையே பெய்யாதே, அவனுங்களுக்குச் சேறுன்னா என்னன்னு தெரியுமா?” 1965 மே மாதம் மில்லர் அதே வண்டியில் ஸ்காட்லாந்து ஆறு நாளை ஜெயித்தார். வெளிநாட்டு வண்டி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த சில வருஷங்களில் பப்பில் பேசியவர்கள் ஷெர்பாவுக்கு அட்வான்ஸ் கட்டி வரிசையில் நின்றார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. அதற்கு ஷெர்பா மட்டும் காரணமில்லை, அவர்களுடைய சோம்பலும் உண்டு.

சினிமா மிஷின் என்று சும்மா சொல்லவில்லை. பார்சிலோனாவின் மூன்றாவது கம்பெனியான ஓஸா தொடக்கத்தில் உண்மையிலேயே சினிமா புரொஜெக்டர் செய்தது. ஓர்ஃபியோ சின்க்ரோனிக் சொசியெதாத் அனோனிமா என்ற நீளப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஓஸா. அவர்கள் டெர்பிஷயர்க்காரரான மிக் ஆண்ட்ரூஸை அமர்த்திக்கொண்டார்கள். அவர் 1970, 71, 72 என்று மூன்று வருஷம் ஸ்காட்லாந்து ஆறு நாளை ஜெயித்தார். கூட்டாளியைத் தொலைத்த மொன்டேசாவும் சும்மா இருக்கவில்லை, 1968-இல் கோட்டா 247-ஐ இறக்கியது. ஆக ஒரே ஊரின் மூன்று கம்பெனிகள், அதில் இரண்டு முன்னாள் பங்காளிகள், உலகத்துக்கே மெதுவாகப் போகும் வண்டியைச் செய்து விற்றன. பங்காளிச் சண்டையால் சொத்து பெருகியதாக நம் ஊரில் ஓர் உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்.

1975-இல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் வருஷம் மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று வருஷம் ஃபின்லாந்தின் உர்யோ வெஸ்டெரினென், 1979-இல் அமெரிக்காவின் பெர்னி ஷ்ரைபர். ஐந்து பட்டமும் பல்ட்டாக்கோவுக்கு. ஐந்தாவது பட்டம் வந்த அதே சமயம் ஆலையில் வேலைநிறுத்தம், கடன், பூட்டு. கோப்பை வைக்க அலமாரி இருந்தது, சம்பளம் போடப் பணம் இல்லை. கொஞ்ச காலம் திறந்து, 1983-இல் ஒரேயடியாக மூடினார்கள். ஓஸாவும் அதையொட்டிப் போனது. மொன்டேசா ஹோண்டாவின் மடியில் போய் உட்கார்ந்தது. டூ-ஸ்ட்ரோக்தான் இனி வேதம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட நேரத்தில், பெல்ஜியத்தின் எடி லெஜூன் ஃபோர்-ஸ்ட்ரோக் ஹோண்டாவில் 1982, 83, 84 மூன்று வருஷமும் உலக சாம்பியன் ஆனார். இந்த விளையாட்டில் வேதம் எழுதுபவர்களுக்கு ராசியே இல்லை.

மூன்றாவது துரோகத்தை யமஹா செய்தது. 1980களின் முன்பாதியில், இரண்டு ஷாக்கை எடுத்துவிட்டு நடுவில் ஒன்றே ஒன்றை வைத்த டிஒய் மோனோ கடைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டு ஷாக் வண்டிகள் ஒரு சில வருஷத்தில் பழைய இரும்பு ஆயின. பிள்ளைகள் வயலில் ஓட்டிப் பழகினார்கள், பிறகு கொட்டகை, பிறகு கோழி.

அப்படிக் கோழி அடைகாத்த ஷெர்பா ஒன்றை இன்று ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். முதலில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறப்பார். பெட்ரோல் வற்றி, பழுப்பு நிறப் பிசினாக ஜெட்டை அடைத்திருக்கும். பிறகு டேங்க். பழைய ஷெர்பாவின் ஃபைபர் டேங்க் அழகு, ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதன் ரெசின் தாங்காது. சுவர் கொப்புளிக்கும், உள்ளே இளகும், இளகியது கார்புரேட்டருக்கு இறங்கி மறுபடி பிசினாகும். 2021-இல் பிரிட்டனில் பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபின் இந்தத் துக்கம் இரட்டிப்பானது. நம் ஊரில் இருபது சதவீதத்துக்கே பழகிவிட்டோம், அந்த வருத்தம் நமக்குப் புரியும். ஆகவே டேங்க் அலுமினியத்தில் புதிது. பாயிண்ட்ஸுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். ஃபுட்ரெஸ்டைக் கொஞ்சம் இறக்கிக் கொஞ்சம் பின்னால் தள்ளி வெல்டிங். புது ஷாக், இரண்டு. பின் டயரில் காற்று நாலைந்து பிஎஸ்ஐ மட்டும், கையால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அப்போதுதான் பாறையின் வடிவத்துக்கு வளைந்து கவ்வும். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வாயைப் பிய்த்துவிடும் என்பதால் உள்ளே ஒரு கிளாம்ப். எல்லாம் பூட்டி முடித்தால் அசலாக மிஞ்சியது ஃபிரேம் நம்பரும் கட்டை விரல் ஸ்டிக்கரும். ஸ்டிக்கரும் சமீபத்தில் அச்சடித்தது.

ஓட்டத் தொடங்கினால் அடுத்த கூத்து. ஆரம்பகால ஷெர்பாவுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழைய புல்லட் ஓட்டிய நம் ஊர் மாமாக்களுக்கு இது சாதாரணம். ஐரோப்பாவில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர், பாறை உச்சியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். ஐந்து மார்க். ஓரத்தில் மழைக்கோட்டு போட்ட ஓர் அப்சர்வர் அட்டையில் நிதானமாக ஓட்டை போடுவார். அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இராது. அந்த வேலைக்கு அதுதான் முக்கியத் தகுதி.

ட்வின்ஷாக்காரர்களை மேலிருந்து கீழே பார்க்கும் மூத்த ஜாதி ஒன்றும் உண்டு. அவர்கள் 1965-க்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள். ஸ்பெயின் வண்டி படையெடுப்பதற்கு முந்தைய தூய்மையைக் காப்பது அவர்கள் வேலை. 1984 முதல் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவனில் அவர்களுக்கென்று தனி டிரையல் நடக்கிறது. ஒரு காலத்தில் அலுமினியம் உருக்கிய ஊர் அது, பொருத்தம் பாருங்கள்: வருகிற ‘பழைய’ வண்டிகளில் பாதி கம்ப்யூட்டர் லேத்தில் கடைந்த புது அலுமினியம். அதனால் சோதனையாளர்கள் குனிந்து, நிமிர்ந்து, ஹப்பைத் தட்டி, இது அந்தக் காலத்தில் இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். தூய பிரிட்டிஷ் ரத்தம் என்று அங்கே கொண்டாடப்படும் பிஎஸ்ஏ பேன்டம், போர் நஷ்டஈடாக ஜெர்மனியிடமிருந்து எடுத்துக்கொண்ட டிகேடபிள்யூ ஆர்டி125-இன் வடிவம். அதே வரைபடத்தை ரஷ்யர்களும் எடுத்தார்கள், அமெரிக்காவில் ஹார்லியும் எடுத்தது. யமஹாவின் முதல் வண்டியும் அதைப் பார்த்துச் செய்ததுதான். மூன்றாம் துரோகியும் தூய பிரிட்டிஷ் பேன்டமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று கின்லாக்லெவன் பார்க்கிங்கில் உரக்கச் சொல்ல வேண்டாம். மழைக்காலம், கையில் எல்லாரும் ஸ்பானர் வைத்திருப்பார்கள்.

இப்போது பல பிரிட்டிஷ் கிளப்புகளில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். காற்றால் குளிரும் மோனோ ஷாக் வண்டிகளுக்கு. அதாவது, ட்வின்ஷாக்கைக் கோழிக் கொட்டகைக்கு அனுப்பிய அதே டிஒய் மோனோ இப்போது பாரம்பரியம். அதன் அசல் பாகங்களுக்கு ஆட்கள் அலைகிறார்கள், விலையும் ஏறுகிறது. ட்வின்ஷாக்காரர்களைக் கேட்டால், அதெல்லாம் நேற்று வந்த வண்டி, அதைப் போய் பழசு என்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மோனோக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரேடியேட்டர் வைத்த வண்டிகளை எப்படி உள்ளே விடாமல் தடுப்பது என்று அவர்கள் விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.